கம்பியில் நிற்கும் எலி

பெங்களூருக்கு வெளியே, ஒப்பந்த முறையில் மருந்து ஆய்வு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் 2009 முதல் ஆறு வருடம் வேலை பார்த்தேன். மூளை சம்பந்தப்பட்ட மருந்துகளை எலிகளில் சோதிக்கும் பிரிவு. ஊருக்குப் போகும்போது யாராவது என்ன வேலை என்று கேட்டால், மனச்சிதைவு நோய்க்குப் புது மருந்து சோதிக்கிறோம் என்று ஆரம்பிப்பேன். எலிக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும்: “எலிக்குப் பைத்தியம் பிடிக்குமா?”

பிடிக்காது. அதுதான் அந்த வேலையில் பாதிச் சிக்கல். காதில் யாரோ பேசுகிறார்கள் என்றோ, பக்கத்துக் கூண்டுக்காரன் செய்வினை வைத்துவிட்டான் என்றோ எலி வந்து சொல்லாது. அதனால் சுற்றுவழியில் போவோம். ஆம்ஃபெட்டமின் ஊசி போட்டால் மூளையில் டோபமின் என்ற ரசாயனம் பெருகும். எலி நிற்காமல் ஓடும், தரையை முகர்ந்துகொண்டே இருக்கும். மனிதர்களும் அதை அளவுக்கு மீறி எடுத்தால், மனச்சிதைவு மாதிரியே சந்தேகமும் பயமும் வருவதுண்டு. ஆகவே ஓடுகிற எலியை நோயாளியின் இடத்தில் வைத்துக்கொள்கிறோம். சுற்றிலும் அகச்சிவப்புக் கதிர் ஓடும் பெட்டிக்குள் அதை விட்டால், எத்தனை முறை கதிரைக் குறுக்கே வெட்டியது என்று கம்ப்யூட்டர் எண்ணிவிடும். முன்கூட்டியே கொடுத்த மருந்து அந்த ஓட்டத்தைக் குறைத்தால் ஒரு டிக். ஆம்ஃபெட்டமினுக்குப் பதிலாக எம்.கே.801 என்ற வேறொரு பொருளைக் கொடுத்து, மூளையின் இன்னொரு ரசாயனமான குளூட்டமேட்டின் வழியைக் குழப்பி, திரும்பவும் அதே ஓட்டம், அதே எண்ணிக்கை.

என் மனதில் இன்றைக்கும் நிற்பது கம்பிச் சோதனைதான். தரையிலிருந்து ஏறக்குறைய 10 செ.மீ. உயரத்தில் கிடையாக ஒரு கம்பி. எலியைத் தூக்கி முன்னங்கால் இரண்டையும் கம்பிமேல் வைக்க வேண்டும், பின்னங்கால் தரையில். சாதாரண எலி ஒன்றிரண்டு நொடியில் இறங்கி, என்ன வேலை இது என்கிற மாதிரி நம்மைப் பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விடும். ஹாலோபெரிடால் என்ற பழைய மனச்சிதைவு மருந்து போட்ட எலி இறங்காது. வைத்தது வைத்தபடி நிற்கும். தூக்கம் இல்லை, கண் திறந்திருக்கும், மீசை லேசாக ஆடும். இறங்கத் தெரியாமலும் இல்லை. இறங்கத் தொடங்குவதுதான் முடிவதில்லை. ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். வேலையில் சேர்ந்த முதல் மாதம் அதைப் பார்க்க என்னவோ போலிருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகியது நல்லதா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது.

அந்த நிலை, பழைய மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் உடல் விறைப்புக்கும் கைநடுக்கத்துக்கும் எலியில் கிடைக்கும் அடையாளம். மூளைச் செல்லில் டோபமின் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகைக்கு டி2 ஏற்பி என்று பெயர். அவற்றில் முக்கால்வாசியை மருந்து பிடித்தால் நோய்க்குப் பலன். அதையும் தாண்டிப் பிடித்தால் விறைப்பு. பழைய மருந்துகள் எல்லாமே எலியைக் கம்பியில் நிறுத்தியதால், கம்பியில் நிறுத்தாதது மருந்தே இல்லை என்று ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள். 1958-ல் சுவிட்சர்லாந்தில் உருவான குளோசபின் அப்படிக் கிட்டத்தட்ட ஒதுக்கப்பட்டது. எலி அதைச் சாப்பிட்டுவிட்டுக் கம்பியிலிருந்து இறங்கிப் போனது. 1975-ல் பின்லாந்தில் அந்த மருந்து வெள்ளையணுக்களைக் குறைத்துச் சிலர் இறந்ததும் பல நாடுகளில் அது ஓரங்கட்டப்பட்டது. வேறு எதற்கும் அடங்காத நோயாளிகளுக்கு இதுதான் கேட்கிறது என்று 1988-ல் வந்த ஆய்வு காட்டிய பிறகுதான் திரும்பி வந்தது. எங்கள் சோதனைகள் நோயைப் பார்த்துச் செய்தவை அல்ல, ஏற்கெனவே கிடைத்த மருந்தைப் பார்த்துச் செய்தவை. சட்டைக்கு அளவெடுக்க ஆளைக் கூப்பிடாமல், அவருடைய பழைய சட்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பது போல.

இதை எனக்குப் புரிய வைத்தது எந்தக் கட்டுரையும் இல்லை, எங்கள் விலங்குக் கூடத்து அட்டெண்டர் அண்ணன். ஓசூர்ப் பக்கத்துக்காரர். எலிகளுக்குத் தீனி, தண்ணீர், உமி மாற்றுவது, கூண்டு கழுவுவது எல்லாம் அவர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், ஆனாலும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார். நான் ‘அண்ணே’ என்பேன்.

ஒரு முறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடமிருந்து ஒரு காம்பவுண்ட், அதாவது சோதிக்க வேண்டிய மருந்துப்பொருள், வந்தது. பெயர் கிடையாது, எண் மட்டும்தான். மூன்று டோஸில் கொடுத்துப் பார்த்தோம். ஆம்ஃபெட்டமின் ஓட்டம் படிப்படியாக, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இறங்கியது. அவ்வளவு அழகான கிராஃபை நான் அதற்கு முன் போட்டதில்லை. அன்று சாயங்காலமே மெயிலில் அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“மேடம், அந்தக் கடைசி வரிசை எலிங்க அடங்கல. தூங்குது.”

“ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?”

“ஒண்ணு இல்ல. அடங்குன எலி தீனி திங்கும். இது நேத்து போட்டதத் தொடவே இல்ல. கேஜைத் தட்டுனாக்கூட தலையத் தூக்கல.”

கொஞ்சம் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் இரண்டு அறைப் பெட்டிச் சோதனையை வைத்துப் பார்த்தேன். விளக்கும் ஒலியும் வந்தபின் 10 நொடியில் எலி பக்கத்து அறைக்குப் போய்விட வேண்டும்; போகாவிட்டால் காலடியில் லேசான மின் அதிர்ச்சி. நாலைந்து நாளில் கற்றுக்கொள்ளும். இதற்கு மூலம் பாரிஸ். 1950-களின் தொடக்கத்தில், ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் சிமோன் கூர்வுவாசியே என்ற ஆய்வாளர், மணி அடித்ததும் கயிற்றில் ஏறும்படி எலிகளைப் பழக்கினார். குளோர்ப்ரோமசின் என்ற மனச்சிதைவு மருந்தைக் கொடுத்தபின் மணி அடித்தால் அவை ஏறவில்லை. ஆனால் அதிர்ச்சி வந்தவுடன் ஏறின. காலும் நன்றாக இருக்கிறது, வலியும் தெரிகிறது, மணியைத்தான் பொருட்படுத்தவில்லை. மருந்துக்கும் வெறும் மயக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அதில் வந்துவிடுகிறது. என்னுடைய அழகான கிராஃப் காம்பவுண்ட், மின் அதிர்ச்சி வந்த பிறகும் எலியை நகர விடவில்லை. வாடிக்கையாளருக்கு இரண்டாவது மெயில் எழுதுவதற்கு எனக்கு அரை நாள் ஆனது. எந்தச் சிரிஞ்சில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே நான் ஊசி போட்டதும் தப்பு. அடுத்த ஸ்டடியிலிருந்து சிரிஞ்சில் எண் ஒட்டும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டேன். தீனி எடைப் பதிவேடு அண்ணனிடம் போனது.

திடுக்கிடும் சோதனை வேறு ரகம். எலியை ஒரு சிறிய குழாய்க்குள் வைத்து, 120 டெசிபல் ஓசையைத் திடீரென்று கொடுத்தால் தூக்கிவாரிப் போடும். அதற்குப் பத்தில் ஒரு நொடி முன்னால் மெல்லிய ஓசை ஒன்றைக் கொடுத்தால் அந்தத் துள்ளல் குறையும். மூளை தன்னைத் தயார்படுத்திக்கொள்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடம் இந்தக் குறைப்பு பலவீனமாக இருப்பதை 1978-ல் டேவிட் பிராஃப் குழுவினர் கண் சிமிட்டலை அளந்து காட்டினார்கள். எலியிலும் மனிதரிலும் ஒரே சோதனையைச் செய்ய முடிகிறது என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஹண்டிங்டன் என்ற வேறொரு மூளை நோயிலும் இது குறைகிறது என்று தெரிந்தபோது அந்தப் பிரியம் கொஞ்சம் இறங்கியது. ஓர் ஆயுத பூஜைக்கு எங்கள் ஆட்கள் இந்தப் பெட்டிகளின் கதவெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்து, ஊதுபத்தியும் கொளுத்திவிட்டார்கள். அதற்கு அடுத்த இரண்டு நாள் எந்த எலியும் ஒழுங்காகத் துள்ளவில்லை. ரிப்போர்ட்டில் அதற்கு என்ன காரணம் எழுதினோம் என்பதை இங்கே சொல்வதற்கில்லை.

இப்படி எல்லாச் சோதனையிலும் தேறிய காம்பவுண்ட் மனிதரிடம் போய் என்னவாகும்? லில்லி நிறுவனத்தின் போமாகுளூமெட்டட், டோபமினைத் தொடாமல் குளூட்டமேட் வழியாக வேலை செய்யும் மருந்து. அந்த வகை மருந்துகள் எலியில் பிரமாதமாகத் தேறின. 2007-ல் நோயாளிகளிடமும் நல்ல முடிவு வந்தது. நான் சேர்ந்தபோது எங்கும் குளூட்டமேட் பேச்சுதான். 2012-ல் பெரிய சோதனைகளில் தோற்று நின்றுபோனது. அதற்கு முன்பே, 2010-ல், கிளாக்ஸோவும் ஆஸ்ட்ராஜெனகாவும் மனநல மருந்து ஆராய்ச்சியைக் குறைக்கப் போவதாக அறிவித்திருந்தன. எங்களுக்கு வரும் எண்களும் குறைந்துகொண்டே வந்தன. கடைசி வருடம் பாதி நாள் வலிக்கான மருந்துகளைத்தான் சோதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். தேநீர் இடைவேளையில் ஓர் அம்மா பேச்சுக் கொடுத்தார். மகனுக்கு இந்த நோய். “மாத்திரையில குரல் நின்னுடுச்சும்மா. ஆனா குளிக்கறதுக்குக்கூட நான் சொல்லணும். பக்கத்துல உக்காந்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டான். அதுக்கு ஏதாவது கண்டுபிடிச்சிருக்கீங்களா?” பழக்கமில்லாத இரண்டு எலிகளை ஒரே பெட்டியில் விட்டு, ஒன்றையொன்று எத்தனை நொடி முகர்ந்துபார்க்கின்றன என்று அளக்கும் சோதனை எங்களிடம் இருந்தது. அதை அந்த அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன்.

அந்த வேலையை விட்டு இப்போது பாடம் நடத்துகிறேன். 2024 செப்டம்பர் 26 அன்று சனோமெலினும் ட்ராஸ்பியமும் சேர்ந்த மனச்சிதைவு மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த செய்தி வந்தது. டி2 ஏற்பியைப் பிடிக்காமல், மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகளின் வழியில் போகும் முதல் மருந்து. இதில் சனோமெலின் புதிதல்ல. 1990-களில் அல்சைமர் நோய்க்குக் கொடுத்துப் பார்த்தபோது பிரமைகள் குறைந்தன. ஆனால் வாந்தியும் வயிற்றுக் கோளாறும் தாங்காமல் பலர் பாதியிலேயே விலகினார்கள். எலி இதைச் சொல்லியிருக்காது. எலிக்கு வாந்தி எடுக்கவே வராது. மூளைக்குள் அவ்வளவாகப் போகாத ட்ராஸ்பியத்தைச் சேர்த்து வயிற்றைச் சமாளித்ததால்தான் மருந்து திரும்பி வந்தது. அதே மஸ்கரினிக் குடும்பத்து எம்ராகிளிடினும் எலியில் தேறியதுதான். அதே வருடம் நவம்பரில் நோயாளிகளிடம் செய்த சோதனையின் முடிவு வந்தது. போலி மாத்திரையைவிடச் சிறப்பாக எதுவும் செய்யவில்லை.

செப்டம்பர் செய்தி வந்த வாரம் அண்ணனுக்குப் போன் போட்டேன். ஊரோடு போய் இரண்டு மாடு வைத்திருக்கிறார். நம்ம நோய்க்குப் புது வழியில் ஒரு மருந்து வந்திருக்கிறது என்றேன்.

“தூங்க வைக்குதா மேடம்?”

“அதிகமா இல்ல அண்ணே.”

“கம்பியில நின்னுச்சா?”

“நிக்கல. இறங்கிப் போயிடுச்சு.”

“தீனி?”

அது எந்தக் கட்டுரையில் இருக்கும் என்று தேடிப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.