ஒன்று போதாதா என்று கேட்டபோது

அரசின் இரண்டு தமிழ்த் தொலைக்காட்சிகளையும் ஒன்றாக்கலாமா என்று கேட்டபோது “சேர்க்கலாம், சேர்” என்று சொன்னவன் நான்தான். அன்று திருகோணமலைக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடந்த கூட்டத்தைப் பற்றி எங்கள் செய்தியாளர் வட்டத்தில் ஆளுக்கொரு கதை உலவுவதால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். கொழும்பிலிருந்து வந்திருந்த உத்தியோகத்தர் கேட்ட கேள்வியில் சூழ்ச்சி இருந்ததாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. அரசின் கையில் இரண்டு தமிழ்த் தொலைக்காட்சிகள் இருக்கின்றன, ரூபவாஹினிக் கூட்டுத்தாபனத்திடம் நேத்ரா, ஐ.ரி.என். நிறுவனத்திடம் வசந்தம், இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு, ஆனால் மாலையானால் இரண்டிலும் வருவது ஒரே அமைச்சரின் ஒரே பேச்சு, மக்களின் வரிப்பணத்துக்கு ஒன்று போதாதா என்றார். போதும் என்பதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன. அவற்றைச் சொன்னேன், கூடவே நிபந்தனைகளையும் சொன்னேன். சில வாரங்கள் கழித்துக் கிடைத்த கூட்டக் குறிப்பில் திருகோணமலைச் செய்தியாளர்கள் இணைப்புக்கு உடன்பாடு தெரிவித்ததாக ஒரு வரி இருந்தது, நிபந்தனைகளைக் காணவில்லை.

நான் எந்த நிறுவனத்துக்குச் செய்தி அனுப்புகிறேன் என்பது இங்கே தேவையில்லை. அது இரண்டில் ஒன்று என்பது போதும். மற்றதற்குச் செய்தி அனுப்புபவர் மூதூர்க்காரர், என்னைவிட இளையவர், என்னை அண்ணன் என்று அழைப்பவர். இந்த மாவட்டத்தில் எந்தத் திறப்பு விழாவுக்குப் போனாலும் நாங்கள் இருவரும் அருகருகே முக்காலி விரிப்போம். பிரமுகரின் மேசையில் இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒரே ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டுவோம். அவருடைய சின்னம் என் சின்னத்தை மறைக்கிறது என்று தொடக்க காலத்தில் சண்டை பிடித்திருக்கிறோம், பிறகு இரண்டும் தெரியும்படி சற்றுச் சரித்து வைக்கப் பழகிக்கொண்டோம். என் கமராவின் மின்கலம் கைவிட்ட நாட்களில் அவர் எடுத்த காட்சியே என் செய்தியாகப் போயிருக்கிறது. அவர் கிண்ணியாவில் மரண வீடொன்றில் நின்றுவிட்ட நாளில் நான் எடுத்தது அவர் பெயரில் போயிருக்கிறது. தலைமையகங்கள் இரண்டுக்கும் இது தெரியாது, அல்லது தெரிந்தும் கேட்காமல் இருக்கின்றன. இப்படி நடைமுறையில் ஏற்கெனவே ஒன்றாகிவிட்ட வேலையைக் காகிதத்தில் இரண்டாக வைத்திருப்பது வீண் என்று நான் நினைத்தது நியாயமான நினைப்புத்தானே.

அந்த உத்தியோகத்தர் தமிழர், படித்தவர், எங்களிடம் மரியாதையாகவே பேசினார். “அண்ணன், பிபிசியே சேர்க்கிறது” என்றார். அது உண்மைதான். பிபிசி தன் உள்நாட்டுச் செய்தி அலைவரிசையையும் உலகச் செய்தி அலைவரிசையையும் 2023 ஏப்ரலில் ஒன்றாக்கியது. அவர் அதைச் சொன்னபோது நான் தலையாட்டினேன். வீடு திரும்பிய பிறகுதான் மற்றவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இளையோருக்கான பிபிசி த்ரீயை 2016 இல் இணையத்துக்கு மாற்றிய அதே நிறுவனம் 2022 இல் அதைத் திரும்பவும் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. கிரேக்க அரசு தன் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஈஆர்டியைச் செலவைக் காரணம் காட்டி 2013 ஜூன் 11 இரவு திடீரென மூடியது; சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அதே ஜூன் 11 இல் அது மீண்டும் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒன்றைச் சேர்ப்பதும் மூடுவதும் ஒரே செயல் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் இரண்டையும் செய்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லியிருந்தால் குறிப்பில் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். அநேகமாக அதே வரியைத்தான் எழுதியிருப்பார்கள்.

இரண்டு நிறுவனங்கள் இருப்பதற்குத் தமிழர்களின் தேவையா காரணம் என்று கேட்டால், இல்லை. ஐ.ரி.என். 1979 இல் தனியார் முயற்சியாகத் தொடங்கி அதே ஆண்டில் அரசின் கைக்குப் போனது. ரூபவாஹினி 1982 இல் ஜப்பானிய உதவியுடன் தனிச் சட்டத்தின் கீழ் வந்தது. இரண்டு வீட்டிலும் பிற்காலத்தில் தமிழுக்கென்று ஆளுக்கோர் அறை ஒதுக்கினார்கள். நேத்ராவோ நெடுங்காலம் ரூபவாஹினியின் இன்னோர் அலைவரிசையான சனல் ஐயுடன் ஒரே அலைவரிசையை நேரம் பிரித்துப் பகிர்ந்துகொண்டது. வசந்தம் வந்தது 2009 இல், போர் முடிந்த ஆண்டில். ஆகவே இந்த இரட்டிப்பு யாரும் திட்டமிட்டுத் தந்த உரிமை அன்று, வரலாற்றில் தற்செயலாக நேர்ந்தது. தற்செயலாக நேர்ந்ததைத் திருத்துவதில் தவறென்ன என்று அன்று எனக்குத் தோன்றியது. தற்செயலாகக் கிடைத்ததும் கிடைத்ததுதானே, அதை ஏன் நாமே போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இப்போது சில நாட்களில் தோன்றுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நான் ஒரு முடிவுக்கு வந்ததாகச் சொல்ல முடியாது.

யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியும் அன்று எழுந்தது. அதற்கு அரங்கில் சிரிப்புத்தான் பதிலாக வந்தது, நானும் சிரித்தேன். உவர்மலையிலும் உப்புவெளியிலும் கூரைக்குக் கூரை டிஷ் அன்ரெனா இருக்கிறது. மாலையில் வீடுகளில் ஓடுவது சென்னைத் தொடர்கள். எங்கள் வீடும் அதற்கு விலக்கல்ல. என் செய்தி போகிறதா என்று பார்ப்பதற்காக நான் அலைவரிசையை மாற்றினால், அந்தச் சில நிமிடங்களுக்குள் கதையில் யாரோ செத்துப் பிழைத்துவிடுகிறார்கள் என்று மனைவி குறைப்படுவாள். இருந்தாலும் 2012 ஏப்ரல் 11 ஐ நான் மறக்கவில்லை. சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கி, சுனாமி எச்சரிக்கை விடுக்கப்பட்டு, கடற்கரைவாசிகள் எல்லாம் மேட்டை நோக்கி ஓடிய பிற்பகல் அது. 2004 இல் இழந்தவர்கள் இருக்கும் ஊரில் அந்த ஓட்டம் எப்படி இருந்திருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை. அன்று சென்னைத் தொடரை யாரும் தேடவில்லை. அரசு என்ன சொல்கிறது, அதைத் தமிழில் எங்கே சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைக் கேட்டால் அந்த உத்தியோகத்தர், எச்சரிக்கைக்கு ஒரு தமிழ் அலைவரிசை போதும் என்பார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எச்சரிக்கைக்கு ஒன்று போதும்தான்.

எச்சரிக்கையை விடச் சிறிய விடயங்களில்தான் என் கணக்கு தடுமாறுகிறது. கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது மக்கள் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் களப்பைக் கடந்தார்கள். அந்தப் பாதையில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போவதை நானும் படம் பிடித்தேன், மூதூர்த் தம்பியும் படம் பிடித்தார். என்னுடையதை எங்கள் செய்தி ஆசிரியர் எடுக்கவில்லை. அன்று தலைநகரில் பெரிய செய்தி இருந்தது என்றார், இருந்திருக்கும். அவருடையது இரவுச் செய்தியின் கடைசியில், வானிலைக்கு முன்னால் போனது. 2021 நவம்பர் 23 காலையில் அந்தப் பாதை கவிழ்ந்து மாணவர்கள் உட்படப் பலர் மாண்டபோது எல்லா அலைவரிசைகளும், சிங்களம் ஆங்கிலம் என்ற வேறுபாடில்லாமல், கிண்ணியாவுக்கு வந்துவிட்டன. முன்கூட்டியே சொன்னது ஒன்று மட்டும்தான். இரண்டு ஆசிரியர்கள் இருந்ததால் ஒருவராவது எடுத்தார் என்று இதை இணைப்புக்கு எதிரான வாதமாக வைக்கலாம், மூதூர்த் தம்பி அப்படித்தான் வைக்கிறார். ஆனால் அவருடைய செய்தி ஒளிபரப்பாகியும் ஒரு மிதவைகூட மாற்றப்படவில்லையே என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெல்வதற்காகப் பேசும் பேச்சல்ல அது என்று எனக்கே பட்டதால் அதற்கு மேல் வளர்க்கவில்லை.

கூட்டக் குறிப்பு வந்த அன்று அவர் என்னிடம் கேட்டது வேறு. “அண்ணன், நீங்க உங்களுக்காகச் சொன்னீங்களா, எங்களுக்கும் சேர்த்துச் சொன்னீங்களா?” இந்தக் கேள்விதான் என்னை விடாமல் இருக்கிறது. இரண்டு அலைவரிசைகள் ஒன்றானால் மாவட்டத்துக்கு ஒரு செய்தியாளர் போதும் என்பார்கள். நான் பட்டினத்தில் இருப்பவன், மாவட்டச் செயலகமும் மாகாண சபைக் கட்டடமும் எனக்கு நடைதூரம், அனுபவத்திலும் மூத்தவன். அந்த ஒருவராக நானே இருப்பேன் என்று சொல்லும்போது உள்ளூர நினைத்திருந்தேனா? நினைக்கவில்லை என்றுதான் அவரிடம் சொன்னேன். அப்போது என் மனதில் இருந்தது கொடுப்பனவு. ஒளிபரப்பான செய்திக்கு மட்டுமே எங்களுக்குப் பணம். எடுத்தும் போகாத செய்திக்கு எரிபொருள் செலவுகூட இல்லை. போனதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மிச்சப்படும் பணத்தில் மாவட்டச் செய்தியாளருக்கு நிலையான கொடுப்பனவு ஒன்றை யோசிக்கலாம் என்று உத்தியோகத்தர் இடையில் ஒரு வார்த்தை விட்டார். என் சம்மதம் அதற்குப் பிறகு வந்ததா, முன்னரே வந்ததா என்று அந்த உரையாடலை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் வரிசை குழம்பிவிடுகிறது. முன்னர் என்றால் அது கொள்கை. பின்னர் என்றால் அதற்கு வேறு பெயர் வைப்பார்கள்.

அவருடைய கவலை வேலையைப் பற்றியது மட்டுமல்ல என்பதையும் எழுத வேண்டும். தமிழ் அலைவரிசை என்று சொன்னால் அதில் யாருக்கெல்லாம் பங்கு இருக்கிறது என்பது கொழும்பில் ஒரு வரியில் முடிந்துவிடும் விடயம். ரமழானில் நோன்பு திறக்கும் நேரத்து நிகழ்ச்சி, கோணேசர் ஆலயத் திருவிழா, மலையகத்தின் சம்பளப் பிரச்சினை, யாழ்ப்பாணத்துச் செய்தி எல்லாம் அதே மாலை நேரத்துக்குள் இடம் பிடிக்க வேண்டியவை. இரண்டு அலைவரிசைகள் இருந்தால் ஒன்றில் விடுபட்டது மற்றதில் வர இடமிருக்கிறது; ஒன்றானால் எதை விடுவது என்று ஓர் ஆசிரியர் தீர்மானிப்பார், அந்தத் தீர்மானத்தில் மூதூர் எந்த இடத்தில் இருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றார். நான் கேட்ட நிபந்தனைகளில் மாகாணச் செய்திக்கு நிலையான நேரம் என்பதும் ஒன்று, அது இந்தப் பயத்துக்குத்தான் மருந்து என்று விளக்கினேன். குறிப்பில் இல்லாத நிபந்தனையை வைத்து என்ன செய்வது என்றார்.

பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30 உடன் நின்றபோது, சேவை இணையத்தில் தொடரும் என்றார்கள், சொன்னபடியே தொடர்ந்தது. ஆனால் இரவு ஒன்பதேகாலுக்குச் சிற்றலையில் அதைக் கேட்டு வந்த என் பெரியப்பா இணையத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு செய்தி கேட்பதையே விட்டுவிட்டார். நேயர்கள் புதிய இடத்துக்கு மாறிக்கொள்வார்கள் என்று அந்த உத்தியோகத்தர் சொன்ன இடத்தில் நான் பேசாமல் இருந்தேன்; வேறு நாளாக இருந்தால் இந்த ஓர் உதாரணமே என்னைப் பேச வைத்திருக்கும்.

நிபந்தனைகளையும் குறிப்பில் சேர்க்கும்படி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். மூதூர்த் தம்பியின் கையொப்பமும் இருந்தால் நல்லது என்று கேட்டேன். இணைப்பே வேண்டாம் என்று இருந்தால் வைக்கிறேன், நிபந்தனையுடன் சரி என்று இருந்தால் வைக்கமாட்டேன் என்றார். ஆகவே அது என் பெயரில் மட்டும் போயிற்று. இன்றைக்குத் திரும்பவும் அதே கேள்வியைக் கேட்டாலும் நான் அநேகமாக அதே பதிலைத்தான் சொல்வேன், ஏனென்றால் யாரும் பார்க்காத இரண்டைவிட ஒழுங்காக நடக்கும் ஒன்று மேல் என்ற எண்ணம் எனக்கு இன்னும் மாறவில்லை. அவர் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போது சொல்வேனா என்பதுதான் தெரியவில்லை. அன்று அவர் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டிருக்கவில்லை.