பேராற்றோடு போகும் வழி: முத்தையன்கட்டிலிருந்து நந்திக்கடல் வரை

இலங்கையின் வடக்கே வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கோட்டையையோ கோபுரத்தையோ மனதில் வைத்துத்தான் கேட்கிறார்கள். அப்படித் தேடினால் ஒட்டுசுட்டான் பக்கத்தில் அரை நாளில் அலுத்துவிடும். இங்கே பழமை நீரிலும் ஊர்ப்பெயரிலும் சடங்கிலும்தான் கிடக்கிறது. ஆகவே தண்ணீர் போகிற திசையிலேயே போவதுதான் நல்ல வழி. முத்தையன்கட்டுக் குளத்தில் தொடங்கி, பேராறு விழுகிற நந்திக்கடலில் முடித்தால் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வரும்.

ஏ-9 வீதியில் மாங்குளத்தில் இறங்கி, கிழக்கே முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் ஏறலாம். அது ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போகும். வவுனியாவிலிருந்து வருபவர்களுக்குப் புளியங்குளம், நெடுங்கேணிப் பாதை இருக்கிறது. முத்தையன்கட்டும் வற்றாப்பளையும் இந்த வீதியை விட்டு விலகி இருப்பதால் மோட்டார் சைக்கிளோ ஓட்டோவோ வேண்டும். தண்ணீர்ப் போத்தலைப் பெரிய சந்தியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இடையில் கடைகள் குறைவு.

வழிநெடுகப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு வாருங்கள். மடு என்றால் கோடையிலும் நீர் தங்கும் ஆழமான பள்ளம். மோட்டை சிறிய, ஆழமில்லாத நீர்நிலை. கேணி வெட்டியது, ஊற்று தானாகச் சுரப்பது. இவற்றில் அதிகம் பேசுவது முறிப்பு என்ற சொல். அணை உடைந்து கைவிடப்பட்ட குளம் அது. குமுளமுனைப் பக்கத்துத் தண்ணிமுறிப்பு இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பின்னர் குளத்தைத் திருத்திக் கட்டி நெல் விளைந்தாலும் பெயர் மட்டும் மாறுவதில்லை. குளங்கள் ஏன் முறிந்தன? வான், அதாவது குளத்தின் மேலதிக நீர் வழிந்தோடும் இடம், காவக்கூடியதைவிட அதிக வெள்ளம் வந்தால் நீர் அணையின் மேலால் ஏறிப் பாயும். மண் அணை அதைத் தாங்காது. இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத கசிவு. நீரைத் திறந்துவிடும் மதகான துருசின் ஓரத்திலும், அணையில் வளர்ந்த மரம் பட்டு வேர் உக்கிய இடத்திலும், கறையான் புற்றிலும் தொடங்குகிற சின்ன ஒழுக்கு, மண்ணை உள்ளே இருந்து அரித்துக்கொண்டே போகும். மேலே உள்ள குளம் முறிந்தால் அந்த வெள்ளம் கீழே உள்ள சின்னக் குளங்களையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அணைக்கட்டில் மரம் வளரவிடக் கூடாது என்பதற்கு வேரோரத்துக் கசிவுதான் காரணம். நிழல் நன்றாக இருக்கிறதே என்று யாரும் மயங்கக் கூடாது.

முத்தையன்கட்டில் இதையெல்லாம் நேரே பார்க்கலாம். பேராற்றை மறித்துக் கட்டிய பெரிய குளம். வலதுகரை, இடதுகரை வாய்க்கால்கள் வயலுக்குப் போகின்றன. வான் பாய்வதைப் பார்க்க மார்கழி, தை நல்ல காலம், அதுவும் மாரி ஒழுங்காகப் பெய்த வருடத்தில். பாயும் வானுக்குக் கீழே இறங்கிக் குளிக்க வேண்டாம். பாசி பிடித்த சீமெந்தில் கால் வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது. பொழுதுபட முன்னர் திரும்பிவிடுங்கள், காட்டோரத்தில் யானை வரும்.

ஒட்டுசுட்டான் தான்தோன்றீச்சரத்தில் ஊரின் பெயரே தலபுராணம். கதிர் அறுத்த பின் தரையில் நிற்கும் அடித்தாள்தான் ஒட்டு. காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்யும் சேனையில் ஒருவர் ஒட்டைச் சுட்டபோது ஓரிடம் மட்டும் வேகாமல் நின்றதாம். அங்கே மண்ணைக் கொத்தியபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது ஊர் வழக்கு. வேகாவனேசுவரர் என்ற பெயரும் அதிலிருந்துதான். சேனைப் பயிர்ச்செய்கை செய்த மக்களின் கோயில் இது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்.

ஒட்டுசுட்டானை அண்டியது கற்சிலைமடு. 1803 ஆகஸ்ட் 25 அன்று வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் நிலையைத் தாக்கிக் கைப்பற்றினான். அந்த நாளை வன்னியில் இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதற்குப் பதிலடியாக யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை ஆகிய மூன்று பக்கங்களிலிருந்தும் படை வந்தது. மன்னாரிலிருந்து இரகசியமாக வந்த பிரிவு விடியற்காலையில் கற்சிலைமடுவில் அவனை வளைத்தது. அந்தச் சண்டைக்கு வெள்ளைக்காரர் நாட்டிய கல்லின் வாசகம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வசனம். இந்த இடத்தருகே கப்டன் வொன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803 என்பது அதன் பொருள். இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். "இந்த இடத்தருகே" என்றுதான் இருக்கிறது, ஆகவே கல் நாட்டிய புள்ளியே போர்க்களம் என்று சொல்ல முடியாது. "தோற்கடித்தார்" என்றுதான் இருக்கிறது, கொன்றார் என்று இல்லை. அன்றே அங்கேயே அவன் இறந்தான் என்று பேசுபவர்கள் இந்தக் கல்லைச் சாட்சிக்கு இழுப்பது சரியல்ல. வென்றவன் எழுதிய கல்லாக இருந்தாலும், அடக்குவதற்கு மூன்று திசைப் படை தேவைப்பட்ட ஒருவனின் பெயரை அதுவும் சேர்த்துத்தான் காத்து வந்திருக்கிறது.

தண்ணீரூற்றும் முள்ளியவளையும் அடுத்தடுத்த ஊர்கள். கோவலன் கூத்துக்கு முள்ளியவளை பேர்போனது. கூத்துப் பழக்கும் நல்ல அண்ணாவியார் ஒருவர் ஆட்டுவிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள், விடிய விடிய இருக்கத் தோன்றும். அதே கண்ணகி கதைதான் சற்றுத் தள்ளி நந்திக்கடற் கரையில் வற்றாப்பளைக் கோயிலாக நிற்கிறது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாப்பளை, அது மருவி வற்றாப்பளை என்பார்கள்.

வற்றாப்பளையின் வைகாசிப் பொங்கலை ஒரு நாள் விழாவாக நினைத்து வருபவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். முதலில் பாக்குத்தெண்டல், அதாவது பாக்குச் சேர்க்கும் சடங்கு. அடுத்தது தீர்த்தமெடுத்தல். முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலிலிருந்து சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்குப் போய்க் கடல்நீர் எடுத்துவந்து, அந்த நீரில் திரியிட்டு விளக்கு ஏற்றுவார்கள். எண்ணெய் இல்லை, உப்புநீர்தான். அந்தச் சின்னச் சுடரைப் பார்க்கச் சனம் முண்டியடிக்கும். ஒரு கிழமை கழித்து ஞாயிறு காட்டா விநாயகர் பொங்கல், மறுநாள் திங்கள் வற்றாப்பளைப் பொங்கல். விளக்கைக் கிட்டே நின்று பார்க்க விரும்புபவர்கள் தீர்த்தமெடுக்கும் நாளுக்கே முள்ளியவளைக்கு வந்துவிட வேண்டும். பொங்கலன்று வாகனத்தைத் தூரத்திலேயே விட்டுவிட்டு நடக்கத்தான் வேண்டியிருக்கும்.

கோயிலின் பின்னே விரிவது நந்திக்கடல். அதற்கும் பெருங்கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்துண்டில் முள்ளிவாய்க்கால். 2009 மே மாதத்தில், போரின் கடைசி நாட்களில், அங்கே என்ன நடந்தது என்பது இங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஆண்டுதோறும் மே 18 அன்று அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்ட கஞ்சி கொடுப்பார்கள். கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அப்போது படம் எடுக்காதீர்கள்.

மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ணிவெடி எச்சரிக்கை. அதை எங்கே கண்டாலும் வழியை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம். முள்ளிவாய்க்கால் பக்கம் போக முல்லைத்தீவு நகரிலிருந்து வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். பழைய பாலம் தாழ்வானது, ஒடுக்கமானது. மாரியில் நீர் மேவிவிடும். பாலத்தால் போக முடிகிறதா என்று நகரத்துப் பஸ் நிலையத்திலேயே கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். முடியாவிட்டால் புதுக்குடியிருப்பால் சுற்றித்தான் வர வேண்டும்.