119 பேர்

ஒரு கர்ப்பிணித் தமிழ்ப் பெண்ணுக்குச் சோதனை முடிவைச் சொல்ல எடுத்த அந்தத் தொலைபேசி அழைப்பில் நான் முதலில் சொன்ன எண் 119. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்குமா என்று, பிள்ளையின் கழுத்தின் பின்பக்க நீரின் தடிப்பு, தாயின் இரத்தம், வயது எல்லாம் சேர்த்துக் கணித்து அவருக்கு வந்த முடிவு 120இல் 1. இங்கிலாந்தில் 150இல் 1தான் கோடு. எண் 150 அல்லது அதற்குக் கீழே வந்தால் 'கூடிய சான்ஸ்'. 'ரிஸ்க்' என்று சொல்லாதே, 'சான்ஸ்' என்று சொல் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் சரி. தமிழில் என்ன செய்வது? 'ஆபத்து' என்றால் பிள்ளையையே ஆபத்தாக்கிவிடுகிறோம். 'வாய்ப்பு' என்றால் வேலைவாய்ப்புப் போல இருக்கிறது. அதனால் எண்ணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"120 பேரை எடுத்தால் 119 பேரின்ர பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்காது தங்கச்சி. ஒராளுக்கு இருக்கும்."

"அப்ப பயமில்லை என்ன, அக்கா?"

பயமில்லை என்று நான் சொல்லவில்லை. இரத்தத்திலேயே பார்க்கும் அடுத்த சோதனை இருக்கிறது, வயிற்றில் ஊசி செலுத்தி மாதிரி எடுத்து உறுதிப்படுத்தலாம், ஒன்றும் செய்யாமலும் விடலாம், முடிவு உங்கட கையில் என்றேன். எல்லாம் முறைப்படிதான். இரண்டு பக்கத்து எண்ணையும் சொல்லவேண்டும் என்பதும் முறைதான், சொன்னேன். ஆனால் தங்கச்சி என்று கூப்பிட்டது முறையில் இல்லை. நான் தமிழ் என்பதால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாதது அன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதி, எனக்கும்.

ஊசியால் கரு கலைவது 200இல் 1 அல்லது அதற்கும் குறைவு என்றபோது, "ஐயோ, அந்த ஒராள் நானாயிருந்தா?" என்றார். 120இல் அந்த ஒருவரை நினைக்காதவர் 200இல் நினைத்தார். பிறகுதான் உறைத்தது. 199 பேருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவேயில்லை.

இரத்தச் சோதனையும் வேண்டாம் என்றுவிட்டார். 'விளக்கப்பட்டது, மறுத்தார்' என்று பதிந்தேன். பொய் இல்லை. நான் எப்படிச் சொல்லியிருந்தாலும் மறுத்திருப்பார் என்று சில நாள் தோன்றும். அப்படியானால் முதல் சோதனைக்கு ஏன் சம்மதித்தார் என்றும் உடனே தோன்றும்.

போன கிழமை இன்னொரு தமிழ்ப் பெண், 90இல் 1. இம்முறை அந்த ஒன்றை முதலில் சொன்னேன். 89ஐச் சொல்ல வாய் திறக்குமுன் அழத் தொடங்கிவிட்டார்.