சின்னப் படத்தை 12க்கு 18 அங்குலம் ஆக்கும்போது

இறந்தவரின் காரியத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் வீட்டில் அவர் படத்தைத் தேட ஆரம்பிப்பார்கள். வேலூரோ குடியாத்தமோ, ஸ்டுடியோவுக்கு வந்து சேருவது பெரும்பாலும் கல்யாண குரூப் போட்டோவின் ஓரத்தில் நிற்கும் ஒரு முகம். அதுவும் நாலு வாட்ஸப் குழுவைச் சுற்றி வந்திருக்கும். "இதையே 12க்கு 18 போட்டுக் குடுங்கண்ணா, உடையாம வரணும்."

உடையுமா, அதாவது கட்டம் கட்டமாகத் தெரியுமா என்பதைப் படத்தைத் திறந்ததுமே கணக்குப் போட்டுவிடலாம். படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளிகளான பிக்ஸலை அங்குலத்தால் வகுத்தால் போதும். லேப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்ஸல் இருந்தால் நல்லது; அப்படிப் பார்த்தால் 12க்கு 18 அங்குலத்துக்கு 3600க்கு 5400 பிக்ஸல் வேண்டும். ஆனால் சுவரில் மாட்டி நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 150 இருந்தாலே கண்ணுக்குக் குறை தெரியாது. வாட்ஸப்பில் சாதாரணமாக வரும் 1200க்கு 1600 படம் 12க்கு 16 அளவில் 100 கொடுக்கும். அதைச் சரிக்கட்டலாம். குரூப்பிலிருந்து வெட்டிய முகம் 300க்கு 400தான் என்றால் 12 அங்குல அகலத்தில் வெறும் 25. அதைப் பெரிதாக்குவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. 6க்கு 8 போட்டு, சுற்றி அகலமாக மவுண்ட் போர்டு (கெட்டி அட்டை) வைத்து, பெரிய ஃபிரேமில் மாட்டினால் கௌரவமாகவே இருக்கும்.

சாஃப்ட்வேரில் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற இடத்தில் 72ஐ 300 என்று மாற்றிவிட்டு, "ரெசல்யூஷன் ஏத்திட்டேன்" என்பவர்கள் உண்டு. பிக்ஸல் எண்ணிக்கையை மாற்றும் ரீசாம்பிள் டிக் இல்லாமல் அதை மாற்றினால் ஒரு பிக்ஸல்கூட அதிகமாகாது, பிரிண்ட் அளவுதான் சுருங்கும்.

பெரிதாக்குவதற்கு முன் அரை மணி நேரம் மூலப்படத்தைத் தேடுங்கள். எந்த மென்பொருளும் அந்த அரை மணிக்கு ஈடாகாது. எடுத்தவர் போனிலிருந்தே டாக்குமென்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். போட்டோவாக அனுப்பினால் மறுபடி சுருங்கும். ஸ்கிரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் கிடைத்தால் அதிர்ஷ்டம்: 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் சுமார் 1650க்கு 2125 பிக்ஸல் வரும். சொரசொரப்பான சில்க் பேப்பர் என்றால், படத்தை 180 டிகிரி திருப்பி இரண்டாவது ஸ்கேன் எடுத்து, நேராக்கி, முதல் ஸ்கேன் மேல் 50 சதவீதத்தில் வையுங்கள். பேப்பரின் பளபளப்புப் புள்ளிகள் பெருமளவு அடங்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்து, நிழலில், எதிரே கறுப்புத் துணி பிடித்துப் படம் எடுப்பதே பாதுகாப்பு.

வேலையின் வரிசை முக்கியம். ஜேபெக் சுருக்கம் படத்தை 8க்கு 8 பிக்ஸல் கட்டங்களாகப் பிரித்துச் செய்யப்படுவது. சுருக்கம் அதிகமானால் கன்னத்திலும் சுவரிலும் கட்டங்கள் தெரியும். அவற்றை முதலில் லேசாக மழுக்காமல் பெரிதாக்கினால் கட்டமும் சேர்ந்து பெரிதாகும். பிறகு ஃபோட்டோஷாப்பில் இமேஜ் சைஸுக்குப் போய், பிரிசர்வ் டீட்டெயில்ஸ் 2.0 என்ற பெரிதாக்கும் முறையை வைத்துத் தேவையான அளவுக்குக் கொண்டு வரலாம். ஃபோட்டோஷாப்போடு வரும் கேமரா ராவில் உள்ள சூப்பர் ரெசல்யூஷன் அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கும். காசில்லாமல் வேண்டுமென்றால் அப்ஸ்கேல் (Upscayl) என்ற ஏஐ மென்பொருள் இருக்கிறது. நம் கணினியிலேயே ஓடும், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

ஏஐ விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். அது இல்லாத பிக்ஸலைக் கண்டுபிடிப்பதில்லை, ஊகித்து வரைகிறது. வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூணின் மங்கலான படத்தைக் கொடுத்தால், யாளி இருந்த இடத்தில் சிற்பம் மாதிரி ஏதோ ஒரு சுருள் வரும். பார்ப்பவருக்குத் தெரியாமலே போகலாம். முகத்தில் அது நடந்தால் வீட்டார் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள்: "இது அப்பா மாதிரி இல்லையே." இமை மாறியிருக்கும், பல் வரிசை கூடியிருக்கும், மச்சம் காணாமல் போயிருக்கும், அறுபது வயதுத் தோல் மெழுகாகியிருக்கும். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அவர் முகம் அவர் முகம்தான். அதனால் இரண்டு லேயர், அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படம் வையுங்கள். கீழே சாதாரணமாகப் பெரிதாக்கியது, மேலே ஏஐ செய்தது. முடி, சேலைக் கரை, சட்டை இருக்கும் இடங்களில் மேலே உள்ள லேயரை முழுதாக விடலாம். முகத்தில் மட்டும் மாஸ்க் போட்டு அந்த லேயரை 40 சதவீதத்துக்குக் குறையுங்கள், கண்ணிலும் வாயிலும் 20 போதும். ஃபேஸ் என்ஹான்ஸ் பட்டனைத் தொடாதீர்கள்.

இரண்டும் கலந்த இடம் ஒட்டாமல் தெரிந்தால் 2, 3 சதவீதம் ஒரே நிற நாய்ஸ் (மணல் மாதிரிப் பொடிப் புள்ளிகள்) சேர்த்தால் ஒன்றாகிவிடும். ஓரங்களைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன் கடைசியில்தான், பிரிண்ட் அளவுக்கு வந்த பிறகு. தோள் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

பளபளப்பில்லாத மேட் அல்லது பளபளப்புக் குறைந்த லஸ்டர் பேப்பர் கேளுங்கள். கிளாஸி எல்லாக் குறையையும் காட்டிக் கொடுக்கும். எஸ்ஆர்ஜிபி (sRGB) என்ற நிற முறையில் சேமியுங்கள். திரையில் தெரிவதைவிடப் பிரிண்ட் இருட்டாக வருவது வழக்கம், கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்கள். முழுப் படத்தையும் போடும் முன், 300 டிபிஐயில் இருக்கும் அதே ஃபைலில் முகப் பகுதியை மட்டும் 1200க்கு 1800 பிக்ஸல் வெட்டி, 4க்கு 6 பிரிண்ட் ஒன்று எடுங்கள். பெரிய படத்தில் முகம் வரப்போகும் அளவு அதுதான். அதைச் சுவரில் வைத்து, நாலடி தள்ளி நின்று, வீட்டில் அவரோடு அதிக நாள் வாழ்ந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.