ரேடார் படத்துக்கு வயது நான்கு நிமிடம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்குக் குடிவந்த முதல் வசந்த காலத்தில் என்னைப் பெரிதும் குழப்பியவை இரண்டு சொற்கள்: டொர்னேடோ வாட்ச், டொர்னேடோ வார்னிங். டொர்னேடோ என்பது மேகத்திலிருந்து தரை வரை இறங்கிச் சுழலும் காற்றுத் தூண். தமிழில் எழுதினால் இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் வாட்ச் என்பது நார்மன் நகரில் இருக்கும் புயல் முன்கணிப்பு மையம் பல கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்றவை) சேர்த்து, ஆறேழு மணி நேரத்துக்கு, ‘இன்று இங்கே உருவாகக்கூடும்’ என்று அறிவிப்பது. வார்னிங் என்பது அந்தந்தப் பகுதியின் வானிலை அலுவலகம், ரேடாரில் சுழற்சி தெரிந்த பிறகோ, பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணால் கண்டு சொன்ன பிறகோ, வரைபடத்தில் சில தெருக்களைச் சுற்றிக் கோடு கிழித்து, ‘இப்போதே ஒளிந்துகொள்ளுங்கள்’ என்று சொல்வது. பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணியில் அது காலாவதியாகிவிடும். 2007 வரை முழுக் கவுண்டிக்கும் வார்னிங் கொடுத்துவந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலிருந்துதான் இந்தக் கோட்டுக் கட்டம்.

கடலோரத்தில் வளர்ந்தவனுக்கு இது பழகக் கொஞ்சம் காலம் பிடித்தது. நம் புயல் வங்கக் கடலில் பிறந்து, பெயர் வாங்கிக்கொண்டு, துறைமுகக் கூண்டின் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு நிதானமாக வரும். இங்கே காலையில் துணி காயப்போடலாம் போன்ற வெயில் இருக்கும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தெற்கிலிருந்து இரவெல்லாம் வீசியிருக்கும். மேற்கே டெக்சஸின் வறண்ட மேட்டுநிலத்துக் காற்று அதன் மேல் ஒரு மூடியைப் போலப் படிந்திருக்கும். அந்த மூடி இருக்கும்வரை எதுவும் நடக்காது. பிற்பகல் நான்கு, ஐந்து மணிக்கு வெப்பம் அதை ஓரிடத்தில் உடைத்துவிட்டால், அரை மணிக்குள் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் எழும்பி நிற்கும். சில நாள்களில் மூடி உடையாமலே சூரியன் மறைந்துவிடும். அன்று முன்கணிப்பைப் பார்த்துப் பயந்தவர்கள் மறுநாள் வானிலைக்காரர்களைத் திட்டுவார்கள். அது நியாயமில்லை என்பது என் கருத்து. மூடி உடைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் கேட்பதில்லை.

மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதைப் போல, நான் மெல்ல மெல்ல ரேடார் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மழையின் அடர்த்தியைக் காட்டும் படத்தில் மேகத்தின் தென்மேற்கு மூலையில் தூண்டில் முள் போன்ற ஒரு வளைவு தெரியும். காற்றின் வேகத்தைக் காட்டும் படத்தில், ரேடாரை நோக்கி வருவது பச்சை, விலகிப் போவது சிவப்பு. இரண்டும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றால் அங்கே காற்று சுழல்கிறது என்று பொருள். மூன்றாவதாக ஒரு படம் உண்டு. அலை பட்டுத் திரும்பும் பொருள்களெல்லாம் ஒரே மாதிரியானவையா என்று அது சொல்லும். மழைத்துளிகள் ஒரே மாதிரி. ஆகவே படம் முழுதும் கருஞ்சிவப்பாக இருக்கும். அதன் நடுவே, சுழற்சி இருக்கும் அதே இடத்தில், நீலமாக ஒரு பொட்டு விழுந்தால், அங்கே மழையல்லாத ஏதோ பறந்துகொண்டிருக்கிறது: மரக்கிளை, தகரம், வீட்டுச் சுவருக்குள் அடைத்த பஞ்சு. முதன்முறை அந்தப் பொட்டை நேரலையில் கண்டபோது, ‘கண்டுபிடித்துவிட்டேன்’ என்று எனக்குள் ஒரு துள்ளல் எழுந்தது. அடுத்த கணம், அது யாருடைய வீடோ என்று உறைத்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

அந்தத் திறமைதான் எனக்கு ஆபத்தாகவும் ஆயிற்று. ஒரு மே மாத மாலையில் எங்கள் தெரு வார்னிங் கட்டத்துக்குள் வந்தது. ஏர்கண்டிஷனர் ஓடிக்கொண்டிருந்ததால் சைரன் காதில் விழவேயில்லை. அது வெளியில் நிற்பவர்களுக்காக வைக்கப்பட்டது என்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். கைப்பேசி அலறியது. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேரேஜ் தரையில் பதித்த இரும்பு நிலவறைக்குள் இறங்கிவிட்டாள். நானோ வரவேற்பறையில் நின்றுகொண்டு, சுழற்சி இன்னும் ஐந்து கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். “இன்னும் என்னத்தப் பாத்துட்டு இருக்கீங்க? இறங்குங்க!” என்று அவள் கத்திய பிறகு இறங்கினேன். அன்று எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் பார்த்துக்கொண்டிருந்த படத்துக்கு வயது நான்கு நிமிடம். மேகம் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தால், நான்கு நிமிடத்தில் நான்கு கிலோமீட்டர் கடந்திருக்கும்; ஐந்து என்று நான் நம்பியது உண்மையில் ஒன்று. போதாததற்கு, ரேடாரின் கதிர் நேராகப் போகப் போகப் பூமி கீழே வளைந்துவிடுவதால், நூறு கிலோமீட்டர் தொலைவில் அதன் மிகத் தாழ்ந்த கதிரே தரைக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் மேலேதான் பார்க்கிறது. தரையில் நடப்பது அதற்குத் தெரியாது.

2013 மே 31 அன்று இம்மாநிலத்தின் எல் ரீனோ நகர் அருகே நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த டொர்னேடோவின் அகலம் ஒரு கட்டத்தில் 4.2 கிலோமீட்டர், இதுவரை அளக்கப்பட்டவற்றில் அதுவே மிகப் பெரியது. அது சட்டென்று திசை மாறி விரிந்தபோது, பல ஆண்டுகளாக டொர்னேடோக்களை அளந்து ஆராய்ந்துவந்த டிம் சமராஸும் அவருடைய மகனும் உடன்சென்ற கார்ல் யங்கும் காரோடு அதில் சிக்கி உயிரிழந்தார்கள். அதற்குப் பதினொரு நாள் முன்புதான் மூர் நகரில் இன்னொரு டொர்னேடோவில் 24 பேர் இறந்திருந்தார்கள். அந்த அச்சத்தில், எல் ரீனோ டொர்னேடோ வந்த அன்று மாலை வீட்டைவிட்டுக் காரில் கிளம்பியவர்கள் நெடுஞ்சாலைகளில் நெரிசலில் சிக்கிக்கொண்டார்கள்.

வார்னிங்குகளில் பத்தில் ஏறத்தாழ ஏழு பொய்த்துப்போகின்றன என்பதும் உண்மைதான். நான்கைந்து முறை வீணாக நிலவறையில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு ஆறாம் முறை கால் நகராது. அதனால் எங்கள் வீட்டில் முடிவெடுக்கும் உரிமையை என்னிடமிருந்து பறித்து மனைவியிடம் கொடுத்தாயிற்று. வாட்ச் வந்ததும் ஷூக்கள் நிலவறை மூடியின் பக்கத்துக்கு வரும். உடைந்த கண்ணாடி மேல் வெறுங்காலோடு நடக்க முடியாது. சைக்கிள் ஹெல்மெட் மூன்று, தண்ணீர், பேட்டரி ரேடியோ. வார்னிங் கட்டத்துக்குள் வீடு வந்தால் பேச்சே இல்லை, இறங்கிவிட வேண்டும். இடிபாடுகள் மூடியின் மேல் விழுந்து அடைத்துக்கொண்டால் தேடி வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று, நிலவறை இருக்கும் இடத்தையும் நகராட்சியில் பதிந்துவைத்திருக்கிறோம்.

சென்ற முறை இறங்கியபோது இரும்பு மூடியை இழுத்துச் சாத்தியதும் கைப்பேசியில் சிக்னல் போய்விட்டது. கடைசியாக வந்த படம் அப்படியே திரையில் உறைந்து நின்றது. சுழற்சி எங்களுக்குத் தென்மேற்கே இருந்தது, அதன் மேல் என் விரலை வைத்திருந்தேன். கல்மழை மூடியைத் தட்டியது, பிறகு அடங்கியது. மறுநாள் வானிலை அலுவலகத்தின் ஆய்வுக் குழு சேதங்களைப் பார்த்துவிட்டுப் பாதையை வெளியிட்டது: இஎஃப்-0 (டொர்னேடோ வலிமையின் மிகக் குறைந்த படி), இரண்டு நிமிடம், ஒரு கொட்டகைக் கூரை, சில மரங்கள். அது தரையைத் தொட்ட இடம் எங்கள் வீட்டுக்கு வடகிழக்கே இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. என் விரல் இருந்த பக்கம் ஒரு புல்கூடச் சாயவில்லை.