கட்டுக்குக் கீழே எத்தனை வீடுகள்?

இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒரு குளம் சிறியதா பெரியதா என்பதை வயலை அளந்துதான் முடிவு செய்கிறோம். 80 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 200 ஏக்கர் வரை நீர் பாய்ச்சும் குளம் சிறு குளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குப் போகின்றன. முல்லைத்தீவு மாவட்டத்தின் சிறு குளங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்த காலம் முழுவதும் இந்தப் பிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீரைப் பங்கிட ஏக்கர்க் கணக்கு போதும். கட்டு, அதாவது குளத்தின் மண் அணை, உடையும் இரவில் அந்தக் கணக்கால் எவருக்கும் பயன் இல்லை.

முன்பு கட்டுக்கு நேர் கீழே வயல்தான் இருந்தது. ஊர், மேட்டுப் பக்கமாக ஒதுங்கி இருந்தது. போருக்குப் பின்னான மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வீதியையும் மின்சாரத்தையும் ஒட்டிக் காணிகள் பிரிக்கப்பட்டன. நிரம்பிய குளத்தின் மிகுதி நீர் வழிந்தோடும் வாயிலை வான் என்போம். அந்த வான் வாய்க்கால் ஓரத்தில் கல்வீடுகள் எழுந்தன. ஓரிடத்தில் முன்பள்ளியும் வந்தது. குளம் அதே குளம்தான், பத்துப் பன்னிரண்டு அடி உயரக் கட்டுத்தான். ஆனால் அது காக்க வேண்டியது இப்போது நெல்லை மட்டும் அல்ல.

மண்கட்டுக்கு மேலால் தண்ணீர் வழியவே கூடாது. வழிந்தால் வெளிச்சரிவு அரிக்கத் தொடங்கும், பிறகு அதை நிறுத்த முடியாது. அது தொடங்கும் இடத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். மாடுகளும் உழவு இயந்திரங்களும் ஏறி இறங்கும் இடத்தில் கட்டின் முதுகு அரையடி, ஓரடி தாழ்ந்திருக்கும். மட்டக் கருவியை வைத்துப் பார்த்தால் அந்தப் பள்ளத்துக்கும் வானின் மட்டத்துக்கும் இடையே சில அங்குலங்களே எஞ்சியிருக்கும். கட்டு எவ்வளவு உயரமானது என்று பெருமையாகக் காட்டுவார்கள். நான் பார்ப்பது அந்தச் சில அங்குலங்களைத்தான்.

அதனால்தான் வானில் மண்மூட்டை அடுக்குவதை எல்லாக் கூட்டங்களிலும் எதிர்த்துப் பேசினேன். மூட்டை அடுக்கி ஓரடி நீர் கூடினால் சிறுபோகத்தில், அதாவது கோடைப் பயிர்ச்செய்கையில், இன்னும் சில ஏக்கர் விதைக்கலாம். அதைப் பேராசை என்று எவராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

“வானால் ஓடுகிற தண்ணீர் எங்கள் நெல், சேர்” என்றார் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்புத் தலைவர் ஒருவர்.

“உண்மைதான் ஐயா. ஆனால் இரவில் பெருமழை வந்தால் மூட்டைகளை யார் எடுப்பது?”

“நாங்கள்தான்.”

“வானில் தண்ணீர் இடுப்பளவு இழுத்துக்கொண்டு ஓடும்போதா?”

அவர் சற்று நேரம் யோசித்தார். “அப்படியென்றால் தை பிறக்கும்வரை வானைத் தொடமாட்டோம்” என்றார். தையிலும் பெருமழை பெய்ததுண்டு. ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் வான் திறந்தே இருந்தால் பெரும் ஆபத்துக் காலம் கடந்துவிடும். அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி எல்லோரும் கையொப்பமிட்டோம்.

இந்தக் கவலை ஒரு குளத்தோடு நிற்பதில்லை. எங்கள் குளங்கள் ஒரே ஓடையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இலங்கையின் இந்தக் குளத்தொடர் முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017இல் உலக வேளாண் மரபுரிமையாக ஏற்றது. ஏற்கத் தகுந்த அறிவுதான் அது. ஆனால் கீழ்க்குளத்தின் வான், மேற்குளத்தின் வான் நீரை வெளியேற்றவே அமைந்தது. மேற்குளம் உடைந்து மொத்த நீரும் ஒரேயடியாக வந்தால் கீழ்க்கட்டும் போகும், அதற்கடுத்ததும் போகும். தொடரின் உச்சியில் இருக்கும், வயல் மிகக் குறைந்த குளம்தான் பல வேளைகளில் மிக ஆபத்தானது. திருத்த வேலைப் பட்டியலில் அது கடைசியில் கிடக்கும்.

மழையே இல்லாமலும் கட்டு உடையலாம். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளத்தின் மண் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அது பெருமாரிக் காலம் அல்ல. மண்கட்டுக்குள் நீர் வழி தேடிக்கொண்டே இருக்கும். வயலுக்கு நீர் திறந்துவிடும் துருசுக் குழாயை ஒட்டிய மண், கறையான் புற்று, உடும்பு வளை, வெட்டிய மரத்தின் உக்கிய வேர் என எது கிடைத்தாலும் அதன் வழியே நுழையும். கட்டில் நிற்கும் பெரிய மரத்தைக் கண்டதும் வெட்டச் சொல்லும் அதிகாரிகளோடு நான் உடன்படுவதில்லை. மரத்தை வெட்டிவிட்டு வேரை உள்ளே உக்கவிடுவது இன்னும் கேடு. வெட்டினால் வேரைத் தோண்டி எடுத்து, மண் நிரப்பி, இறுக்க வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழி வெட்டிய இடங்களும் அப்படித்தான். மண்ணைத் தள்ளி மூடினால் பார்வைக்குக் கட்டு முழுமையாகிவிடும். ஈரப்பதம் பார்த்து, ஆறு முதல் ஒன்பது அங்குலப் படைகளாகப் போட்டு உருளையால் இறுக்கினால்தான் அது கட்டு.

கசிவைக் கண்டு எல்லோரும் பதற வேண்டியதில்லை. வெளிச்சரிவின் அடியில் கசியும் நீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அளவு கூடுகிறதா என்று தொடர்ந்து கவனித்தால் போதும். அடியில் மண் படிந்தால் கட்டின் உள்மண் வெளியேறுகிறது என்று பொருள். அன்றே அறிவிக்க வேண்டும், கீழே இருப்பவர்களையும் எழுப்ப வேண்டும்.

யார் எழுப்புவது? பெரிய குளங்களில் கதவுக்குப் பொறுப்பான ஊழியர் இருப்பார். சிறு குளத்தில் இரவில் எவரும் இல்லை. சில ஊர்களில் கிராம உத்தியோகத்தரோடும் கமக்காரர் அமைப்போடும் அமர்ந்து ஓர் ஒழுங்கு செய்தோம். பெருமழை இரவுகளில் இரண்டிரண்டு பேராகக் கட்டைச் சுற்றி வருவது, கோயில் ஒலிபெருக்கியில் அறிவிப்பது, எந்த மேட்டுக்குப் போவது என்று முன்பே முடிவு செய்வது. அவர்களுக்கு டோர்ச் லைட்டும் மழை அங்கியும் வாங்கக்கூட எந்தச் செலவுத் தலைப்பிலும் இடம் இருக்கவில்லை. ஊரவர்கள் தங்கள் பணத்தில் வாங்கினார்கள்.

நான் நிரப்பிய முன்னுரிமைப் படிவங்களில் வயலின் ஏக்கருக்கு ஒரு நிரல் இருந்தது, பயன்பெறும் குடும்பங்களுக்கு ஒரு நிரல் இருந்தது. கட்டு உடைந்தால் வெள்ளத்தில் அகப்படும் வீடுகளுக்கு நிரல் இல்லை. அந்த எண்ணிக்கையைக் குறிப்புப் பகுதியில் கையால் எழுதி அனுப்பிவந்தேன். இப்போது அந்த மேசைகளில் இருக்கும் இளைய உத்தியோகத்தர்களிடமும் அதையே கேட்கிறேன்: கட்டில் ஏறிப் பார்த்த பிறகு கீழே இறங்கி வீடுகளையும் எண்ணுங்கள். அதைப் படிவத்தில் எழுதுங்கள்.