மூணாம் மாசத்து எக்ஸ்ரே

நேத்து மட்டக்களப்பு கிளினிக்குக்குப் போய் வந்தன். விடியப் பஸ்ஸுல திருக்கோவிலால வெளிக்கிட்டு, கல்முனை, களுவாஞ்சிக்குடி எல்லாம் தாண்டி கல்லடிப் பாலத்துல ஏறக்குள்ள வெயில் வந்திட்டு. காருல எண்டா கெதியா போயிரலாம், ஆனா கோமாரிப் பக்கம் ராவையில நடுறோட்டுல படுத்துக் கிடந்த மாட்டுல முட்டாம காரை ஒரு பக்கம் வெட்டப் போய் கார் உருண்ட நாளுக்குப் பிறகு முன்சீட்டுல இருந்தா எனக்கு கை நடுங்குது. தார்ச்சூட்டுக்கு மாடு வந்து படுக்கிறது இந்தப் பக்கத்துல எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சும் வேகமாத்தான் போறம்.

வலது தொடை எலும்பு முறிஞ்சு உள்ளுக்கு கம்பி போட்டிரிக்கு. தலைக்குள்ளயும் கொஞ்சம் ரத்தம் கசிஞ்சிருந்தது, ஒப்பரேஷன் தேவைப்படல்ல.

பெரியம்மா கேக்கிறா, "நடக்கிறாய்தானே புள்ள, இன்னும் ஏன் ஊசி குத்திக்கிட்டு திரியிறாய்?" அவவுக்கு சொன்னதத்தான் இங்கயும் எழுதுறன்.

வீட்டுக்கு வந்து ரெண்டாம் கிழமை வலது கெண்டைக்கால் வீங்கிச்சு. ஒப்பரேஷன் செஞ்ச கால்தானே, வீங்கத்தான் செய்யும் எண்டு நான் பேசாம இருந்தன், தம்பிதான் ரெண்டு காலையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு உடன கூட்டிக்கொண்டு போனான். டொப்ளர் ஸ்கேன் எடுத்தாங்க. குளிர்ந்த ஜெல்லைப் பூசி, கருவியால காலை அமத்தி அமத்திப் பாக்கிறாங்க. அமத்தக்குள்ள நல்ல ரத்தநாளம் தட்டையாகி மூடிரும், உள்ளுக்க ரத்தம் கட்டியிருந்தா மூடாது. திரையில கறுப்பு வட்டம் ஒண்டு டொக்டர் எவ்வளவு அமத்தியும் மூடாம அப்பிடியே நிண்டது, அதை நானும் பாத்தன். அந்தக் கட்டி கழண்டு நுரையீரலுக்குப் போனா உயிருக்கே ஆபத்து.

ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுக்கோணும், ஆனா தலைக்குள்ள கசிவு இன்னும் இருந்தா அதே மருந்து அங்க கூட்டிரும். அதனால மருந்துக்கு முதல் திரும்ப ஒரு சிடி ஸ்கேன் எடுக்கோணும் எண்டாங்க. பழைய சிடியோட ஒப்பிட்டுப் பாக்க வேணுமாம், அந்தப் படம் ஒரு இடத்துல குடுத்து துலைஞ்சே போச்சு. நல்லகாலம் தம்பி ரிப்போர்ட்டை போன்ல படம் எடுத்து வச்சிருந்தான், அதை வச்சுத்தான் பாத்தாங்க. தயவுசெய்து உங்கட படம், ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நீங்களே வச்சுக்கொள்ளுங்க, துண்டு ஒண்டையும் எறியாதீங்க. புதுசா கசிவு இல்ல, பழசும் கரைஞ்சிட்டு எண்டு டொக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்ப ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் எண்ட மருந்து குடிக்கிறன். அதுக்காகத்தான் ஊசி குத்தி, ரத்தம் எவ்வளவு மெதுவா உறையுது எண்டு பாக்கிற ஐஎன்ஆர் எண்டு ஒரு ரத்தப் பரிசோதனை, எனக்கு அது 2க்கும் 3க்கும் நடுவுல நிக்கோணும். குறைஞ்சா ரத்தம் கட்டும், கூடினா எங்கயாவது ரத்தம் போகும். கீரையில இருக்கிற விற்றமின் கே இந்த மருந்தைக் குறைக்குமாம், அதுக்காக கீரையை விடத் தேவையில்ல, ஒருநாள் சட்டி நிறைய ஒருநாள் ஒண்டுமில்ல எண்டு இல்லாம ஒரே அளவா சாப்பிடச் சொன்னாங்க. அம்மா இப்ப பொன்னாங்காணியை கரண்டியால அளந்துதான் போடுறா.

நேத்து ஐஎன்ஆர் 2.4. எக்ஸ்ரேயை டொக்டர் லைட் பெட்டியில மாட்டினார். ஆறாம் கிழமைப் படத்துல முறிஞ்ச இடத்தைச் சுத்தி ஒண்டுமே தெரியல்ல, இப்ப வெள்ளைப் புகை மாதிரி ஒண்டு படர்ந்திரிக்கு. "இதுதான் புது எலும்பு" எண்டார். முழுசா பொருந்த இன்னும் மாசங்கள் போகும், பொல்லை இப்பவே விடாதீங்க எண்டும் சொன்னார்.

வீட்ட வந்து அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினன். பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் புகையை விரலால தொட்டுப் பாத்தா. அடுத்த ஐஎன்ஆர் எப்ப எண்டு கேட்டு, கலண்டர்ல அவவே வட்டம் போட்டுட்டா.